ஜில்லா தலைநகரமும் ஒரு நாள் கூலியும்

 

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். சின்ன ஊர். நடுவில் மணிக்கூண்டு வைத்த கோர்ட் கட்டடம், சுற்றிலும் கடைகள். "டீச்சர், இதுதான் எங்க கவுண்டிக்குத் தலைநகரம். நம்ம திருச்சுழி மாதிரி இருக்கு" என்று எழுதியிருந்தான். குதிரை வண்டி கட்டி வரும் விவசாயி, வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும், அந்தக் கணக்கில்தான் பல இடங்களில் கவுண்டிகளைச் சின்னதாகப் பிரித்தார்கள் என்று அங்கே சொல்வார்களாம்.

படித்ததும் அப்பா ஞாபகம் வந்தது. அப்போது நாம் ராமநாதபுரம் ஜில்லா. 1910-ல் உருவான ஜில்லா அது. ஆனால் அதன் கலெக்டர் ஆபீஸ் நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது! நம் கலெக்டரைப் பார்க்க அடுத்த ஜில்லாவுக்குப் போக வேண்டும். அப்பா நிலம் சம்பந்தமாக ஒரு மனு கொடுக்க விடியற்காலையில் கிளம்பினார். அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து மதுரைக்கு இன்னொரு பஸ். திரும்பும்போது கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டிலேயே துண்டை விரித்துப் படுத்து, மறுநாள் வந்து சேர்ந்தார். ஒரு தாளைக் கொடுக்க இரண்டு நாள்.

1985 மார்ச்சில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். நம் பக்கம் காமராஜர் மாவட்டம் ஆனது. தலைநகரம் விருதுநகர். 1977-ல் அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனார். அதனால் தலைநகரம் நமக்குத்தான் வரும் என்று நம்பியவர்கள் உண்டு. நானும்தான். இன்றைக்கும் நம் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி முடிந்ததும் சித்தப்பாக்களும் மாமாக்களும் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதில்லை.

ஆனால் நியாயமாக யோசித்துப் பாருங்கள். விருதுபட்டி வழியாக மதுரை-தூத்துக்குடி ரயில் 1876-லேயே ஓடியது. பருத்தி, மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் என்று வியாபாரம் பெருகியது. 1923-ல் ஊர் பெயரே விருதுநகர் என்று மாறியது. நம் அருப்புக்கோட்டையில் தறியும் பஞ்சாலையும் இருந்தும் ரயில் வந்தது 1960-களில்தான். ரயிலும் நெடுஞ்சாலையும் இருந்த ஊருக்குத் தலைநகரம் போனது. அதில் பெரிய சதி எதுவும் இல்லை. மதுரையைவிட விருதுநகர் நமக்குப் பாதித் தூரம்கூட இல்லை. அந்த வகையில் லாபம்தான்.

என் வருத்தம் வேறு. 1990-களில் நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் படித்தாள். கணக்கில் கெட்டிக்காரி. மேலே படிக்க விடுதியில் சேர வருமானச் சான்றிதழ் வேண்டும். அவள் அம்மா கரிமூட்டம் போடும் வேலைக்குப் போகிறவள். மூன்று முறை அலைந்தாள், மூன்று நாள் கூலி போனது. மூன்றாம் முறையும் "நாளைக்கு வாங்க". நாலாவது முறை போக அவளிடம் பஸ்ஸுக்குக் காசு இல்லை, என்னிடம் கேட்கவும் கூச்சம். கடைசித் தேதி முடிந்த பிறகுதான் எனக்கே தெரியும். பிள்ளை மில் வேலைக்குப் போய்விட்டாள். முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும் என்று இன்றும் என் மனம் குத்துகிறது.

அந்த அலுவலகம் ஒன்றும் ஜில்லா தலைநகரத்தில் இல்லை. பக்கத்தில்தான் இருந்தது! ஆகவே ஆபீஸ் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. போன அன்றைக்கே வேலை முடிய வேண்டும்.

இப்போது இ-சேவை மையங்கள் வந்திருக்கின்றன. நல்ல மாற்றம். 2024 ஜனவரியில் தொடங்கிய 'உங்களைத் தேடி, உங்கள் ஊரில்' திட்டத்தில் கலெக்டரே மாதம் ஒரு நாள் ஒரு தாலுகாவில் தங்குகிறார். வரவேற்கிறேன். ஆனால் நம் மாவட்டத்தில் 10 தாலுகா. ஒரு தாலுகாவுக்கு முறை வர ஏறக்குறைய ஒரு வருடம். அதுவரை நரிக்குடிப் பக்கத்துப் பாட்டி திங்கட்கிழமை மனு நாளுக்கு விருதுநகர்தான் போக வேண்டும். கலெக்டர் மாதாமாதம் எல்லா ஊருக்கும் வர முடியாது, புரிகிறது. துறை அதிகாரிகள் மாதம் ஒரு நாள், தேதி சொல்லி, திருச்சுழியில் உட்காரலாமே? "தலைநகரம் நமக்கு வரவில்லையே" என்று 40 வருடம் புலம்பியது போதும். இனி இதைக் கேட்போம். கிராம சபையில் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, அரசு அலுவலகங்களில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேசை முன் நிற்பவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் முன், "எந்த ஊரும்மா? எத்தனை பஸ் மாறி வந்தீங்க?" என்று கேளுங்கள். இதை டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்