சுவரில் தொங்கவா பேஸ் கிட்டார்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

கல்கிசையில் இருந்து வெள்ளவத்தை வரை, காலி வீதியின் இரண்டு பக்கமும் பழைய மொடல் பேஸ் கிட்டார் பிரியர்கள் இருக்கிறார்கள். பலர் எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்கள். 1962ஆம் ஆண்டு மொடலின் கழுத்து மரம் என்ன, பெயின்ட் என்ன, எந்த அம்ப்ளிஃபையரோடு சேர்த்தால் அந்தக் காலத்துச் சத்தம் வரும் என்று விடிய விடியக் கதைப்பார்கள். படம் போடுவார்கள். நாங்களும் லைக் போடுவோம். ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது: அதை யார் வாசிக்கிறது?

இசை கூடுமா கூடாதா என்று கீழே சண்டை தொடங்க வேண்டாம். அதைச் சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். ஒரு கருவியை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு அதை நேசிப்பதாகச் சொல்லலாமா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கிட்டார் எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. அந்தக் காலத்தில் பேஸ் வாசிக்கிறவர் ஆளை விட உயரமான பெரிய கருவியைச் சுமந்து திரிய வேண்டும். அவ்வளவு சுமந்தும் ட்ரம்ஸ் சத்தத்துக்குள் அது கேட்காது. 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் அந்தக் கஷ்டத்துக்கு மருந்து. தோளில் மாட்டலாம், பஸ்ஸில் கொண்டு போகலாம். கழுத்து பழுதானால் நான்கு ஆணியைக் கழற்றி வேறு கழுத்துப் பூட்டலாம். நீங்கள் உருகுகிற அந்த நிறங்களில் பல, கார்களுக்கு அடித்த பெயின்ட். மொத்தத்தில் அது ஒரு தொழிலாளியின் ஆயுதம். இரவு வேலைக்குப் போகிறவன் கையில் அடிபடவே செய்யப்பட்டது.

இப்போது என்ன நடக்கிறது? 1990களின் நடுப்பகுதியில் இருந்து அதே கம்பனி புதுக் கிட்டாரைச் சுரண்டி, பெயின்டை உரித்து, இரும்பை மங்க வைத்து, கூடுதல் விலைக்கு விற்கிறது. யாரோ இருபது வருடம் உழைத்தது போன்ற ஒரு தோற்றம். உழைப்பு இல்லை, தழும்பு மட்டும் விற்பனைக்கு. கல்கிசைக்காரருக்கு இதைவிடப் பெரிய பகிடி உண்டா? கடற்கரைப் பக்கம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். உப்புக்காற்று அதே வேலையைச் சும்மா செய்து தரும்.

“அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்குகிறோம்” என்பீர்கள். சரி, சத்தத்தையே பார்ப்போம். பழைய பேஸ் சத்தம் என்றதும் எல்லோரும் காட்டுகிற ஆள் மோட்டவுன் கம்பனியின் ஜேம்ஸ் ஜேமர்சன். அவரிடம் இருந்தது கடையில் எவரும் வாங்கக்கூடிய 1962 பிரிசிஷன். கம்பிகளைக்கூட அவர் இலேசில் மாற்றுவதில்லை. வலது கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டும் வாசித்தார். அந்த விரலை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

அதைவிட முக்கியமான ஒன்று. 1960கள் முழுக்க உலகமே ஆடிய பாட்டுகளுக்கு அவர் வாசித்தார். இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ஒரு தட்டில்தான் அந்தக் கம்பனி தன் வாத்தியக்காரர்களின் பெயரை முறையாக அச்சிட்டது. 1983இல் அவர் இறந்தார். இன்று அவருடைய கிட்டாரின் ஒவ்வொரு ஆணியையும் ஆராய்கிறார்கள். ஆள் உயிரோடு இருந்தபோது பெயர் போட இடமில்லை.

இது அமெரிக்கக் கதை மட்டுமா? இளையராஜாவின் எண்பதுகள் பாட்டுகளை பேஸ் இல்லாமல் முணுமுணுக்க முடியாது. அதில் பலவற்றை வாசித்த சசிதரனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ரஹ்மானின் பாட்டுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸை? அதையும் விடுங்கள், நம்ம ஊருக்கு வாருங்கள். ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் பாடிய பொப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கல்யாண வீட்டில் பைலா தொடங்கினால் எழும்பி ஆடாத ஆள் குறைவு. அந்த ஆறு எட்டுத் தாளத்தை இழுத்துப் பிடித்து நிற்பது பேஸும் ட்ரம்ஸும்தான். அந்தப் பழைய தட்டுகளில் பேஸ் வாசித்தவர்கள் யார் யார்? கிட்டாரின் சீரியல் இலக்கத்தை வைத்து அது பிறந்த வருடத்தைச் சொல்கிற நண்பர்களே, ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ஒரு சாதாரண பேஸ் கிட்டாரும் அன்றோடு சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாமல் போனது. மேலைத்தேய சங்கீதம் சாதாரண தரத்தில் ஒரு பாடம். பாடம் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, கருவி இல்லை. நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். எனக்கே மேசையில் விரலால் தாளம் போடுகிற பிள்ளைகளைத் தெரியும். அவர்களுடைய வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரே ஆளின் அறையில் மூன்று பேஸ் தொங்குகிறது.

“என் காசு, என் பொருள்” என்கிறீர்களா? உங்கள் காசுதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டி வைத்த கருவிக்கும் வாசிக்காத புத்தகத்துக்கும் வித்தியாசமில்லை.

“பிள்ளைகள் உடைத்துப் போடுவார்கள்” என்கிறீர்களா? கழற்றிப் பூட்டத்தான் அந்தக் கழுத்துக்கு ஆணி வைத்தார்கள். பக்கத்தில் மொரட்டுவை இருக்கிறது. மர வேலை தெரிந்த ஆளுக்கு அங்கே பஞ்சமா? தழும்புக்குக் கூடுதல் காசு கொடுக்கிற நீங்கள், ஒரு பிள்ளை சும்மா தருகிற தழும்புக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?

உங்கள் ஆசைக் கிட்டாரைத் தரச் சொல்லவில்லை. இரண்டாவதை, மூன்றாவதை, ஒரு தவணைக்கு இரவல் கொடுங்கள். பக்கத்துப் பாடசாலையில் அதிபரையோ சங்கீத ஆசிரியரையோ கண்டு, பொறுப்பெடுப்பவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். அமானிதம் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கவனமாகப் பார்ப்பார்கள். வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். நேரம் இருந்தால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் நீங்களே போய்ச் சொல்லிக் கொடுங்கள். மரத்தையும் பெயின்டையும் பற்றி விடிய விடியக் கதைக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய வேலையா?

வயதான பேஸ் வாத்தியக்காரர் யாரையாவது தெரிந்தால் அவர் சம்மதத்தோடு பெயரையும், எந்தப் பாட்டுக்கு வாசித்தார் என்பதையும் கொமன்டில் எழுதுங்கள். கிட்டார் படம் போட வேண்டாம். அது நிறையப் பார்த்துவிட்டோம்.