ஐரோப்பாவில் திசை மாறும் ஈரல் புற்றுநோய்

ஐரோப்பாவில் ஈரல் புற்றுநோய் என்றால் முன்பெல்லாம் இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், பிரான்ஸ் ஆகிய நாடுகளைத்தான் டாக்டர்கள் குறிப்பிடுவர். வடக்கே பிரிட்டனில் அது அபூர்வமான வியாதி. இன்று நிலைமை மாறிவருகிறது. இத்தாலியில் 1990-களின் பிற்பகுதி முதல் இந்நோயால் ஏற்படும் மரண விகிதம் இறங்குமுகமாக இருக்கிறது. பிரிட்டனிலோ நோய் காண்போர் விகிதம் அதே காலத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது. மரணமும் கூடவே ஏறியுள்ளது.

இந்த வியாதி ஒரு நாளில் வருவதல்ல. பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகளோ, மதுவோ ஈரலைச் சிறுகச் சிறுக அரித்துச் சுருங்கச் செய்ய இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்றைய மரணக் கணக்கு நேற்றைய தவறுகளின் கணக்கே. தென் இத்தாலியில் 1950, 60-களில் கண்ணாடி ஊசிக்குழாயைச் சரிவரக் கொதிக்க வைக்காமல் பலருக்கும் போட்டதில் சி கிருமி பரவிற்று. அந்தத் தலைமுறை இப்போது மறைந்துவருகிறது. பி கிருமிக்கு எதிரான தடுப்பூசியை இத்தாலி 1991-லேயே குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போடத் தொடங்கியது 2017-ல்தான்!

சி கிருமியை மூன்றே மாதத்தில் ஒழிக்கும் மாத்திரை 2014-ல் ஐரோப்பாவுக்கு வந்தது. ஆனால் விலை பல்லாயிரம் யூரோ. கஜானாவுக்குப் பயந்த அரசுகள் பல, ஈரல் மிகவும் கெட்டவர்களுக்கு மட்டுமே அதை வழங்கின. கெடட்டும், பிறகு மருந்து தரலாம் என்பது என்ன நியாயமோ! இத்தாலி 2017-ல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது.

பிரிட்டனில் குடி, உடல் பருமன், சர்க்கரை நோய் மூன்றும் சேர்ந்து ஈரலைக் கெடுக்கின்றன. இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஸ்காட்லாந்து 2012-ல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கச் சட்டம் செய்தது. விஸ்கி வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனதால் அது 2018-ல்தான் அமலுக்கு வந்தது. அதன்பின் குடியால் நேரும் மரணங்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 13 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. இங்கிலாந்து இன்னும் அப்படியொரு சட்டம் செய்யவில்லை.

ஈரல் சுருங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது ஐரோப்பிய டாக்டர்களின் விதி. ஆனால் கொழுப்பு படிந்த ஈரலில், அது சுருங்கும் முன்பே புற்று தோன்றுவதும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் இந்த விதிக்குள் வருவதில்லை. வலி கண்டு ஆஸ்பத்திரிக்கு வரும்போது அறுவை சிகிச்சைக்கான கட்டம் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது.