ஆஸ்பத்திரிச் சுவர்கள்

ஆஸ்பத்திரி என்றவுடன் வைத்தியர், மருந்து, படுக்கை ஆகிய மூன்றையே ஜனங்கள் நினைக்கிறார்கள். சர்க்காரும் பெரும்பாலும் அவற்றையே கணக்கில் எடுத்துக்கொள்ளுகிறது. சுவரைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் நோயாளியைச் சுற்றி இரவும் பகலும் நிற்பது சுவர்தான். அதைக் கழுவ முடியாவிட்டால் வார்டைச் சுத்தமாக வைத்திருப்பது எவ்வாறு?

தள்ளுவண்டி, ஸ்டிரெச்சர், கட்டில், ஆக்ஸிஜன் உருளை ஆகியவை நாள்தோறும் நடைவழிச் சுவர்களில் மோதுகின்றன. முதலில் வர்ணம் பெயர்கிறது. பிறகு பூச்சு உடைகிறது. உள்ளே இருக்கும் காரை வெளிப்பட்டு நீரையும் எச்சிலையும் உதிரத்தையும் உறிஞ்சிக்கொள்ளுகிறது. ஸ்டாபிலோகாக்கஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் உலர்ந்த பரப்புகளிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். கட்டிற் சட்டமும் கதவுப் பிடியும் சுவரைவிட அபாயமானவை என்பது மெய்யே. ஆனால் அவற்றைத் துடைத்தால் சுத்தமாகும். உடைந்த காரையை எவ்வளவு துடைத்தாலும் சுத்தமாகாது. துடைக்கும் தொழிலாளியைக் குறை கூறுவதில் நியாயமில்லை.

இது புதிய ஞானமன்று. ஆஸ்பத்திரிகளைப் பற்றி 1859-இல் வெளியிட்ட நூலிலேயே பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், அழுக்கை உறிஞ்சாததும் கழுவத்தக்கதுமான சுவர் வேண்டுமென்று வற்புறுத்தினார்.

கடையநல்லூரை எடுத்துக்கொள்ளுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும். கோடையிலோ கடும் வெயில். ஈரங் குடித்த சுவரின் மேல் எண்ணெய் வர்ணத்தைப் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றி அவ்வர்ணத்தைக் கொப்புளமாக எழுப்பி உரித்துவிடும். இத்தகைய ஊரில் வர்ணத்தை மட்டும் நம்புவது வருஷந்தோறும் பணத்தைச் சுரண்டிக் கீழே கொட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவது, கூரைக் கசிவையும் அடிச்சுவரில் ஏறும் ஈரத்தையும் நிறுத்த வேண்டும். அதற்கு முன் செய்யும் பூச்சு வேலை எல்லாம் வியர்த்தம். இரண்டாவது, தரையிலிருந்து ஐந்தடி உயரம் வரை மெருகிட்ட ஓடோ வழவழப்பான கல்லோ பதித்து, இணைப்புகளை நீர் புகாதபடி அடைக்க வேண்டும். மூன்றாவது, வண்டி மோதும் உயரத்தில் மரத்தாலோ எவர்சில்வராலோ தடுப்புச் சட்டமும், மூலைகளில் உலோகக் காப்பும் அமைக்க வேண்டும். நான்காவது, கை படாத மேற்சுவருக்கு ஈரத்தை வெளிவிடும் சுண்ணாம்புப் பூச்சு போதும். புதிய சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. சஸ்திர சிகிச்சை அறைக்கு மட்டும் இணைப்பே இல்லாத வேறு பரப்பு தேவை. வர்ணம் பூசுமிடத்தில் ஈயத்தின் அளவையும் கவனிக்க வேண்டும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, வீட்டு உபயோக வர்ணங்களில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்பது 2017 நவம்பர் முதல் சட்டம்.

இப்பொழுது பி.வி.சி. பிளாஸ்டிக் தகடுகளைச் சுவரில் ஒட்டும் வழக்கம் பரவி வருகிறது. அவை அடியைத் தாங்கும், கழுவவும் எளிது. ஆனால் தீப்பிடித்தால் அவற்றிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சுவாயு கிளம்பும். பழசானபின் குப்பையில் போட்டு எரித்தால் டயாக்ஸின் உண்டாகும். 2011 டிசம்பர் 9-ஆம் தேதி கல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். நிலவறையில் பிடித்த தீயின் புகையே அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது. அவ்விபத்துக்குச் சுவர்த் தகடு காரணமென்று நாம் சொல்லவில்லை. எழுந்து ஓட இயலாதவர்கள் படுத்திருக்கும் இடத்தில் புகை எத்தகைய எமன் என்பதற்கே அதைக் கூறுகிறோம். கல்லும் ஓடும் எரிவதில்லை.

செலவு அதிகமென்று அதிகாரிகள் சொல்லக்கூடும். முதற்செலவை மட்டும் பார்த்தால் வர்ணமே மலிவு. ஆனால் இருபது வருஷத்தில் எத்தனை தடவை வர்ணம் பூசுகிறோம், ஒவ்வொரு தடவையும் வார்டை எத்தனை நாள் மூடுகிறோம், அந்நாட்களில் நோயாளிகளை எந்த நடைவழியில் கிடத்துகிறோம் என்பவற்றையும் எஸ்டிமேட்டில் எழுதட்டும். குறைந்த டெண்டருக்கே வேலை என்ற முறை இக்கணக்கைக் கேட்பதேயில்லை. ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்கும் பராமரிப்புக்கும் பரிசளிக்கும் காயகல்ப் திட்டத்தை 2015-இல் மத்திய சர்க்கார் தொடங்கியது நல்ல காரியமே. ஆனால் பரிசோதகர் வரும் வாரத்தில் பூசி, அவர் போன மாதத்தில் உதிரும் சுவர் பரிசுக்கு உதவுமேயன்றி நோயாளிக்கு உதவாது.

பணமுள்ளவன் தனக்கு வேண்டிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போவான். நெசவாளிக்கும், பீடித் தொழிலாளிக்கும், வயற்கூலிக்கும் ஊர் ஆஸ்பத்திரியே கதி. அவர்கள் அங்கே நோயைத் தீர்க்கப் போகிறார்களே தவிர, புதுநோயைச் சம்பாதிக்கப் போகவில்லை. தென்காசி 2019-இல் தனி ஜில்லாவாகிவிட்டது. விண்ணப்பத்துடன் திருநெல்வேலிக்கு நடக்க வேண்டிய நிலை இன்று இல்லை. அடுத்த மராமத்து எஸ்டிமேட் தயாராகுமுன், கடையநல்லூரின் நகரசபை அங்கத்தினரும் பொதுநல ஊழியரும் ஆஸ்பத்திரிச் சுவரை மார்பளவு உயரம் வரை தாமே நேரிற் பார்க்கட்டும். எங்கே இடிபடுகிறது, எங்கே ஈரம் ஏறுகிறது என்று குறித்து, இருபது வருஷக் கணக்கோடு ஜில்லா அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கட்டும். வர்ணம் கேட்காதீர்கள், நிலைக்கும் சுவரைக் கேளுங்கள்.