மளிகை விலையை ஆராய்வது மார்க்கக் கல்வியா?

பி.காம். படிக்கும் தம்பி ஒருவர் நம்மிடம் வந்தார். பொள்ளாச்சியின் மளிகைக் கடைகளிலும் பெரிய அங்காடிகளிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலையை ஆறு மாதம் வாரந்தோறும் குறித்து, கடைகள் நெருங்கியுள்ள தெருவில் விலை குறைகிறதா என்று ஆராய விரும்புகிறார். பேருந்துச் செலவுக்கும் சிறு உதவித்தொகைக்கும் ஜமாஅத் உதவலாமே என்றோம். “இது மார்க்கக் கல்வியா ஹஜ்ரத்?” என்றார் பெரியவர் ஒருவர்.

ஜகாத் நிதிக்கு உரியோர் எட்டு வகையினர். அதில் கை வைக்கச் சொல்லவில்லை. பொது நன்கொடையிலிருந்து தரலாம் என்பதே நம் கருத்து.

மதீனாவில் விலையேறியபோது, விலை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். பயான்களில் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுகிறோம். அதே நபியவர்கள்தாம் பதுக்குபவனைப் பாவி என்றார்கள். வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்துச் சரக்கு வாங்குவதைத் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து உண்மை விலையறிந்தால் பேரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை தந்தார்கள். விலை அறியாதவரின் அறியாமையை லாபமாக்குவதுதான் அங்கே குற்றம். விற்போர் கூடிப்பேசி விலையேற்றினால் ஆட்சியாளர் தலையிடலாம் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதினார்கள். தட்டுப்பாட்டால் ஏறியதா, கூட்டுச் சதியால் ஏறியதா என்பதை எவரேனும் கடை கடையாகச் சென்று பார்த்தால்தானே தெரியும்?

நம் எல்லைக்கு அப்பால், வட கேரளக் கடற்கரையின் 15 மத்தி மீன் சந்தைகளை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இப்படித்தான் வாரந்தோறும் கவனித்தார். 1997 ஜனவரியில் ஒருநாள், வடகரையில் வாங்க ஆளின்றி 11 மீனவர்கள் மீனைக் கொட்டும் நிலை. 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் திரும்பும் நிலை. கைப்பேசி வந்தபின் அந்த விரயம் நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் விலையோ சுமார் 4 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான அவ்வாய்வை இன்றும் உலகம் படிக்கிறது.

தம்பிக்கு நாம் சொன்ன யோசனை இரண்டு. ஒரு கிலோ விலையை மட்டும் எழுதாதீர்கள். அன்றாடக் கூலிக்காரர் நூறு கிராம் பொட்டலமாக வாங்குகிறார், கணக்கிட்டால் அவரே அதிக விலை தருபவராக இருக்கக்கூடும். அடுத்து, கடன் நோட்டையும் கணக்கில் சேருங்கள். மாதக் கடைசியில் பெரிய அங்காடி பற்று வைத்துக்கொள்ளாது. தெருமுனைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். அவர் கூட்டி விற்கும் இரண்டு ரூபாயில் அதன் கூலியும் அடங்கியிருக்கலாம்.

நம் ஜமாஅத்தில் மளிகை வியாபாரிகள் பலர். முடிவு நமக்கே கசக்கும் என்ற அச்சம்தான் அக்கேள்விக்குள் ஒளிந்திருந்ததோ என்றொரு ஐயம் நமக்குண்டு. அப்படியானால் தம்பியின் பட்டியலில் நம்மவர் கடைகளே முதலில் இடம்பெறட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதையே கேட்கவிருக்கிறோம்.