மூன்று கையெழுத்துகள்

கோடை வந்தால் அமெரிக்க இதழ்களில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் வந்துவிடும். அப்பாவும் மகனும், அல்லது நடுவயதைக் கடந்த இரு நண்பர்கள், ஒரு காரில் கிளம்பிச் சிற்றூர் சிற்றூராகப் போவார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மைனர் லீக் பேஸ்பால் மைதானம். பழைய இருக்கை வரிசைகள், வறுத்த வேர்க்கடலை, மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன். வேலியோரம் நின்று, இன்னும் பெயர் பெறாத இளைஞர்களிடம் பந்திலும் அட்டையிலும் கையெழுத்து வாங்குவார்கள். இந்த ஆட்டம் பணத்தின் கறை படியாதது, உண்மையான அமெரிக்கா இங்கேதான் இருக்கிறது என்ற பொருளில் கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும். படிப்பவரின் கண் லேசாக நனையும்.

இந்த வகைக் கட்டுரை ஒரு பொய் என்பது என் கட்சி. அது அழகான பொய் என்பதால் குற்றம் குறைந்துவிடுவதில்லை, கூடுகிறது. இதை வெளியில் நின்றுகொண்டு சொல்லவில்லை. 2019 கோடையில் நானும் அப்படி ஒரு பயணம் போனவன்தான். திரும்பி வந்து அதே வகைக் கட்டுரை ஒன்றை எழுதத் தொடங்கியவனும்தான்.

எங்கள் பாதை அப்பலாச்சியன் மலைத்தொடரை ஒட்டிய 81ஆம் எண் நெடுஞ்சாலை. அந்த ஆண்டு அப்பலாச்சியன் லீக்கில் பத்து அணிகள் இருந்தன. வர்ஜீனியாவின் புலாஸ்கியில் தொடங்கி பிரிஸ்டல், கிங்ஸ்போர்ட், ஜான்சன் சிட்டி, எலிசபெத்டன், கிரீன்வில் என்று போனால், நாளொன்றுக்கு ஓர் ஊர் என்ற கணக்கில் சாவகாசமாகப் பார்த்துவிடலாம். பேஸ்பால் ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று இது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்களும் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த பையன்களும் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்குமிடம். நோலன் ரயன் 1965இல் இந்த லீக்கின் மேரியன் அணிக்குப் பந்து வீசினார். கால் ரிப்கன் 1978இல் புளூஃபீல்டிலும், கிர்பி பக்கெட் 1982இல் எலிசபெத்டனிலும் தொடங்கினார்கள். மூவரும் பிற்பாடு பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். கையெழுத்துச் சேகரிப்பவர்களின் கனவே இதுதான். இன்று இலவசமாகக் கிடைக்கும் பெயர் நாளை ஒரு பெரிய பெயராகிவிடலாம்.

சேகரிப்பதற்கென்று ஒரு சாத்திரமும் உண்டு. கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். ஆட்டக்காரர்கள் பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில், வேலியின் வளைவில் நிற்க வேண்டும். பந்துக்கு நீல பால்பாயிண்ட் பேனா. தடித்த மார்க்கர் பேனா தோலில் ஊறிப் பரவிவிடும். அட்டைக்கு அந்த மார்க்கர்தான் சரி. பந்தின் இரு தையல்களும் நெருங்கிவரும் குறுகிய இடமே கையெழுத்துக்கு உகந்தது. உங்கள் பெயரையும் சேர்த்து எழுதித் தந்தால் விற்பனை மதிப்பு குறையும் என்பதால் வியாபாரிகள் அதை வேண்டாம் என்பார்கள். சிறுவர்கள் வேண்டும் என்பார்கள். யார் எதற்காக நிற்கிறார்கள் என்பதை ஆட்டக்காரர்கள் இதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஓர் ஊரில், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை, டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஒரு பந்துவீச்சாளர் என் பந்தை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுமையாக எழுதித் தந்தார். பத்தொன்பது வயதிருக்கும். பந்தைத் திருப்பித் தந்தவர் அங்கேயே நின்றார். என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த நுழைவுச்சீட்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். முதலில் புரியவில்லை. சீட்டின் பின்புறம் உள்ளூர் பீட்சா கடையின் தள்ளுபடிக் கூப்பன் அச்சிடப்பட்டிருந்தது. எனக்குத் தேவையில்லை என்றால் அதைத் தர முடியுமா என்பதுதான் கேள்வி.

கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார். நான் எழுதத் தொடங்கிய கட்டுரை அந்த இடத்தில் நின்றுபோனது.

விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் நான் கணக்கைப் பார்த்தேன். இந்த லீக்கின் ஆட்டக்காரருக்கு அப்போது வாரத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 290 டாலர். அதுவும் ஆட்டப் பருவத்தில் மட்டும். அங்கே பருவம் மூன்று மாதம்கூட முழுதாக வராது. வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் இல்லை, குளிர்கால உடற்பயிற்சிக்கும் இல்லை. இந்த 290 என்ற எண் தற்செயலானதல்ல. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7.25 டாலரை நாற்பதால் பெருக்குங்கள், 290 வரும். ஆனால் ஆட்டக்காரரின் வாரம் நாற்பது மணி நேரத்தில் முடிவதில்லை. மதியம் மைதானத்துக்கு வந்தால் இரவு பத்து மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும். வாரத்தில் ஆறேழு நாள் ஆட்டம், இடையில் பேருந்துப் பயணம் வேறு.

இந்தச் சம்பளத்தை உள்ளூர் அணியின் முதலாளி தருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டக்காரர் மேலேயுள்ள மேஜர் லீக் அணியின் ஊழியர். ஒப்பந்தமும் சம்பளமும் அங்கிருந்தே வருகின்றன. ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் புரளும் ஒரு தொழில் தன் பயிற்சிக்கூடத்தை நடத்திய விதம் இது. வறுமை அந்தச் சிற்றூர்களின் எளிமையில் முளைத்ததல்ல, தலைமை அலுவலகங்களில் தீர்மானிக்கப்பட்டது.

அப்படித் தீர்மானிக்கும் துணிவை அவர்களுக்குக் கொடுத்தது எது? இங்கேதான் இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் பங்கிருக்கிறது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்களை நடத்துவது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தின்கீழ் வராது, ஆகவே ஏகபோகத் தடைச்சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1953இலும் 1972இலும் அந்தச் சலுகையைக் கைவிட நீதிமன்றம் மறுத்தது. 1972இன் பெரும்பான்மைத் தீர்ப்பு பேஸ்பாலின் பெருமையைப் பாடி, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை நீளமாக அடுக்கிவிட்டுத்தான் சட்டத்துக்குள் நுழைகிறது. நெகிழ்ச்சி நீதிமன்றத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டதை அதில் பார்க்கலாம்.

பின்னர் அது சட்டமன்றத்துக்குள்ளும் நுழைந்தது. ஆறு பருவங்கள் மைனர் லீக்கில் பந்து வீசிவிட்டுச் சட்டம் படித்தவர் காரெட் புரோஷஸ். ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்காக 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கை முன்னெடுத்தவர்களில் அவர் ஒருவர். அதற்கு எதிர்வினையாக 2016இல் ஒரு மசோதா வந்தது. எதிர்ப்பைக் கண்டு, அதைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரே பின்வாங்கினார். ஆனாலும் 2018 மார்ச்சில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அரசுச் செலவின மசோதாவுக்குள் அதன் சாரம் செருகப்பட்டுச் சட்டமானது. எத்தனை மணி நேரம் உழைத்தாலும் நாற்பது மணி நேரத்துக்கான குறைந்தபட்ச ஊதியம் போதும், பருவத்துக்கு வெளியே அதுவும் வேண்டாம் என்பதே அதன் உள்ளடக்கம். அதன் பெயரைக் கவனியுங்கள்: 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்'.

ஒரு கவித்துவமான சொல் எந்த வேலைக்குப் போகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. நூறாண்டுகளாகக் கட்டுரையாளர்கள் சேர்த்துவைத்த மாலை வெயிலும் வேர்க்கடலை மணமும் அந்த ஒரு தலைப்புக்குள் அடைபட்டிருக்கின்றன. உழைப்பைப் பொழுதுபோக்கு என்று அழைத்துவிட்டால், கூலி கேட்பவன் நாகரிகமற்றவனாகிவிடுகிறான்.

எதிர்வாதங்கள் தெரியும். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லையே, கனவைத் துரத்துபவன் பட்டினியையும் ஏற்கத்தான் வேண்டும் என்பார்கள். கனவுக்கு விலை உண்டு என்பது சரி. ஆனால் அந்த விலையை ஒரே தரப்பு நிர்ணயிப்பதும், எந்த அணிக்கு ஆடுவது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை ஏழு பருவங்களுக்கு ஆட்டக்காரருக்கு இல்லாமலிருந்ததும் கனவின் இயல்பல்ல, ஒப்பந்தத்தின் ஷரத்து. முதல் தேர்வில் வருபவர்களுக்குப் பல லட்சம் டாலர் முன்பணம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, ஒரு சிலருக்கு. வேலியோரம் நான் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிலரல்ல.

கலப்படமற்ற அன்பு என்று நாம் சொல்லிக்கொள்ளும் சேகரிப்பு உலகமும் அத்தனை தூய்மையானதல்ல. போலிக் கையெழுத்துகளைப் பிடிக்க எஃப்.பி.ஐ. நடத்திய 'புல்பென் நடவடிக்கை' 1999இல் பெரும் சோதனைகளில் முடிந்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூட அகப்பட்டது. கையெழுத்துக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பது அனைவருக்கும் தெரியும். அதை இடும் கைக்கும் மதிப்பு உண்டு என்றபோதுதான் பொழுதுபோக்கு, பாரம்பரியம் என்று பேசத் தொடங்கினார்கள்.

இனி தலைப்புக்கு வருகிறேன். ஒரு மைனர் லீக் ஆட்டக்காரர் மூன்று வகைக் கையெழுத்துகள் இடுகிறார். முதலாவது ஒப்பந்தத்தில். பேரம் பேச இடமில்லாத, எல்லாருக்கும் ஒரே மாதிரியான அச்சுப் படிவம் அது. இரண்டாவது நம் பந்தில், இலவசமாக. நம் கட்டுரைகள் அனைத்தும் இந்த இரண்டாவது கையெழுத்தைப் பற்றியவை. மூன்றாவதைப் பற்றி யாரும் உருகி எழுதுவதில்லை.

2022 ஆகஸ்ட் இறுதியில், மேஜர் லீக் ஆட்டக்காரர்களின் சங்கம் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்க ஒப்புதல் அட்டைகளை அனுப்பியது. மூன்று வாரத்துக்குள் பெரும்பான்மையினர் கையெழுத்திட்டார்கள். செப்டம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்தது. அதே ஆண்டு, 2014இல் தொடங்கிய வழக்கும் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிவுக்கு வந்தது. 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சிங்கிள் ஏ நிலையில் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 26,200 டாலர் என்றும் டிரிபிள் ஏ நிலையில் 35,800 டாலர் என்றும் ஆனது. பேஸ்பாலின் சமீப கால வரலாற்றில் ஆகப் பெரிய கையெழுத்துச் சேகரிப்பு அதுதான். அதற்காக யாரும் நுழைவுச்சீட்டு வாங்கி வேலியோரம் நிற்கவில்லை.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். 2021 முதல், மேஜர் லீக் அணிகளோடு இணைந்த மைனர் அணிகளின் எண்ணிக்கை 160இலிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டது. நான் பயணம்போன அப்பலாச்சியன் லீக் கல்லூரி மாணவர்களின் கோடைக்கால லீக்காக மாற்றப்பட்டது. பொழுதுபோக்கைக் காப்பாற்றப் போவதாகச் சட்டம் வாங்கியவர்கள் மூன்றே ஆண்டுகளில் அந்தப் பத்து ஊர்களையும் கைவிட்டார்கள். அதே மைதானங்களில், அதே மாலை வெயிலில், இப்போது ஆடுகிற மாணவர்களுக்குச் சம்பளமே இல்லை. கையெழுத்து இன்னும் இலவசம்தான். கட்டுரைகளும் இன்னும் வந்துகொண்டிருக்கும்.

பயணம் போகாதீர்கள் என்றோ, கையெழுத்து வாங்காதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவர் நின்று, குனிந்து, தன் பெயரை எழுதித் தருவதில் உண்மையான ஓர் ஈகை இருக்கிறது. அதை நான் மறுக்கமாட்டேன். நான் கேட்பதெல்லாம் எழுதுபவரின் நேர்மையை. சூரியன் எந்த மலைக்குப் பின்னால் இறங்கியது என்று எழுதுபவர், அதன் கீழே நின்றவனுக்கு அன்று என்ன கூலி என்றும் எழுத வேண்டும். அதை எழுதினால் கட்டுரையின் அழகு கெட்டுவிடும் என்றால், அப்படிப்பட்ட அழகு நமக்கு வேண்டியதில்லை.

பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் அந்தப் பந்தைத் துணியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். 2020இல் தொற்றுநோயால் மைனர் லீக் பருவம் முழுதும் ரத்தானது. அணிகள் நூற்றுக்கணக்கானோரை விடுவித்தன. அவர் மூன்றாவது கையெழுத்தை இடும்வரை ஆட்டத்தில் இருந்தாரா, அதற்குள் ஊருக்கு அனுப்பப்பட்டுவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. பெயர் பந்தில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். இதுவரை தேடவில்லை. நான் எழுதத் தொடங்கிய அந்தப் பழைய கட்டுரையை முடிப்பதாக இருந்தால், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.