லினக்ஸுக்கு எதிரி பில் கேட்ஸ் இல்லீங்க!

"விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு மாறலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கலாம்?"னு யாராவது ஒரு அப்பாவி பொதுவுல கேட்டுப் பாருங்க. முதல் ஆள் உபுண்டும்பார். ரெண்டாவது ஆள் "உபுண்டுவா? மின்ட் போடுங்க சார்"ம்பார். மூணாவது ஆள் டெபியன். நாலாவது ஆள் "ஆர்ச் போட்டாதான் லினக்ஸே புரியும்"னு ஒரே போடா போடுவார். அஞ்சாவது ஆள் "லினக்ஸ்னு சொல்றதே தப்பு, குனு/லினக்ஸ்னு சொல்லணும்"னு இலக்கண வகுப்பு எடுப்பார். அரை மணி நேரத்துல அவங்களுக்குள்ள வெட்டுக்குத்து. கேட்ட ஆள் எங்கே? நைசா எழுந்து போய் பழைய விண்டோஸ் பொட்டி முன்னாடியே உக்காந்தாச்சு.

இந்தப் பதிவு அந்த அஞ்சு பேருக்கும்தான். திட்டறவங்க தாராளமா திட்டுங்க, ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

ஏன் இப்போ இந்தக் கோபம்னா, காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. வீட்டுப் பயனாளர்களுக்குன்னு ஒரு வருஷ நீட்டிப்பு மட்டும் அறிவிச்சாங்க. சரி, விண்டோஸ் 11க்குப் போகலாம்னா டி.பி.எம். 2.0 சில்லு வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல இருக்கணும். அதாவது 2016, 2017ல வாங்கின, 8 ஜி.பி. நினைவகம் இருக்கிற, இன்னிக்கும் ஜம்முனு ஓடற பொட்டிக்குக்கூட "உனக்கு இடம் இல்ல"ன்னு பதில் வருது. அந்த வீட்டுக்காரர் முன்னாடி ரெண்டு வழிதான். முப்பதாயிரம் நாப்பதாயிரம் போட்டுப் புதுசு வாங்கணும். இல்லன்னா ஓட்டை அடைக்காத பொட்டியில வங்கிக் கணக்கைத் திறந்துக்கிட்டு சாமி மேல பாரத்தைப் போடணும்.

மூணாவது வழின்னு ஒண்ணு இருக்கு. லினக்ஸ் மின்ட்டுக்கு 2 ஜி.பி. நினைவகம் இருந்தாலே போதும், 4 இருந்தா சௌகரியம். காசு கிடையாது. இருபது வருஷமா "அடுத்த வருஷம் லினக்ஸ் வருஷம்"னு ஜோசியம் சொல்லிக்கிட்டிருந்தோமே, அந்த வாய்ப்பு தானா வந்து வாசல்ல நிக்குது. அதைத்தான் நம்ம லினக்ஸ் பக்தர்கள் வாசல்லயே விரட்டி விடறாங்க.

எப்படி விரட்டறாங்கன்னு பார்ப்போம்.

முதல் பாவம், பொய். "விண்டோஸ் மாதிரியேதாங்க இருக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது." தெரியும் சாமி, முதல் நாளே தெரியும்! புதுசா வர்றவர் முதல்ல சி டிரைவ், டி டிரைவ் எங்கேன்னு தேடுவார். அப்படி ஒண்ணு அங்க கிடையாது. அடுத்தது, பதினஞ்சு வருஷப் பழக்கத்துல ஏதோ ஒரு தளத்துக்குப் போய் ஒரு எக்ஸி கோப்பை இறக்கி ரெண்டு கிளிக் பண்ணுவார். ஒண்ணும் நடக்காது. மென்பொருள் எல்லாம் ஒரே இடத்துல, கடையில அடுக்கின மாதிரி, பாதுகாப்பா கிடைக்குதுங்கிறது லினக்ஸோட பெரிய பலம். ஆனா அதை யாரும் அவருக்குச் சொல்லலை. அதனால அந்தப் பலமே அவர் கண்ணுக்குக் கோளாறா தெரியுது. "மாதிரியே இருக்கும்"னு சொல்லி அனுப்பினா, மாதிரி இல்லாத ஒவ்வொண்ணும் அவருக்குப் பழுதுதான்.

ரெண்டாவது பாவம், கருப்புத் திரை. எந்தச் சந்தேகம் கேட்டாலும் "டெர்மினலைத் திறந்து இந்த வரியை ஒட்டுங்க"ன்னு பதில். அந்த வரி என்ன பண்ணும்னு ஒரு வார்த்தை விளக்கம் இருக்காது. கடவுச்சொல் கேக்கும்போது பல லினக்ஸ்கள்ல திரையில நட்சத்திரம்கூட விழாது. புது ஆள் விசைப்பலகை போயிடுச்சுன்னு நினைச்சு, தலைகீழா தட்டிப் பார்ப்பார். இது போதாதுன்னு, மொத்தக் கோப்பையும் அழிக்கிற கட்டளையைத் தமாஷுக்குச் சொல்லிக் கொடுக்கிற மகாத்மாக்களும் உண்டு. நீச்சல் கத்துக்க வந்தவன் தலையைத் தண்ணிக்குள்ள அமுக்கிட்டுச் சிரிக்கிறதுக்குப் பேரு நகைச்சுவையா?

மூணாவது பாவம்தான் பெரும்பாவம். நிறுவிக் கொடுத்துட்டு ஓடறது. ஞாயித்துக்கிழமை வந்து, பழைய விண்டோஸை வழிச்செடுத்துட்டு, பளபளன்னு லினக்ஸைப் போட்டு, காபியைக் குடிச்சுட்டுப் போயிடுவாங்க. திங்கக்கிழமை காலையில அவர் தமிழ் அடிக்கணும். விண்டோஸ்ல இ-கலப்பையோ என்.எச்.எம். ரைட்டரோ வச்சு அடிச்சவர். லினக்ஸ்லயும் ஐபஸ்னு ஒண்ணு இருக்கு, தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு எல்லாம் அதுல உண்டு. ஆனா அதைத் தேடி, நிறுவி, மொழிப் பட்டியல்ல சேர்த்துக் கொடுக்க ஒரு ஆள் வேணுமே? பாமினி எழுத்துருல அடிச்ச பத்து வருஷக் கோப்பைத் திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமா கொட்டும். அந்த எழுத்துருக் கோப்பை இங்கயும் நகலெடுத்து நிறுவினா சரியாப் போற விஷயம். ரெண்டு நிமிஷ வேலை. அந்த ரெண்டு நிமிஷத்துக்கு ஆள் இல்லாமதான் அவர் திரும்ப விண்டோஸுக்கே போறார்.

"எங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே, நாங்களே மோதித்தானே கத்துக்கிட்டோம்"னு ஒரு வசனம் வரும்னு தெரியும். அண்ணே, நீங்க இஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு, பொழுது போகாம கத்துக்கிட்டீங்க. பொட்டி படுத்தா பக்கத்து ரூம்ல நாலு பொட்டி இருந்துச்சு. ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற அக்காவுக்குப் பொட்டி படுத்தா அன்னிக்கு வருமானம் படுத்துடும். ரெண்டும் ஒண்ணாகாது.

இது என் கற்பனை இல்ல, பக்கத்துலயே உதாரணம் இருக்கு. கேரளாவுல 2001ல பள்ளிகளுக்காக ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் படிப்படியா கட்டற்ற மென்பொருளுக்கு மாறினாங்க. அங்கே வெறுமனே பொட்டியை இறக்கிட்டுப் போகலை. முதல்ல வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க, பாடப்புத்தகத்தையும் அதுக்கேத்த மாதிரி எழுதினாங்க. இன்னிக்கும் அந்தப் பள்ளிகள்ல லினக்ஸ் ஓடுது. நம்ம ஊர்ல 2011ல ஆரம்பிச்ச இலவச மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸோட பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தாங்க. அந்த பாஸ் லினக்ஸ் நம்ம நாட்டு சி-டாக்ல உருவானது. ஆனா நான் பார்த்த மடிக்கணினிகள்ல அந்தப் பக்கம் போன பசங்களை விரல் விட்டு எண்ணலாம். கதவைத் திறந்து வச்சா மட்டும் போதாது, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்.

சரி, திட்டி முடிச்சாச்சு. என்னதான் பண்ணணும்னு கேட்டா, என் பங்குக்கு:

1. முதல்ல கேளுங்க. அவர் பொட்டியில தினமும் என்ன பண்றார்? டேலி வச்சு கணக்கு எழுதறவரா, ஃபோட்டோஷாப்பும் பேஜ்மேக்கரும் வச்சு கல்யாணப் பத்திரிகை அடிக்கறவரா? அதுக்கெல்லாம் லினக்ஸ் பதிப்பு கிடையாது. "உங்களுக்கு இது ஒத்துவராது"ன்னு நேர்மையா சொல்லுங்க. வாலரன்ட் விளையாடற தம்பிக்கும் அதே பதில்தான்.

2. தளத்தை மாத்தறதுக்கு முன்னாடி மென்பொருளை மாத்துங்க. விண்டோஸ்லயே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், வி.எல்.சி. போட்டு ரெண்டு மாசம் பழகட்டும். அப்புறம் அடியில இருக்கிற தளம் மாறினாலும், தினம் பார்க்கிற முகம் மாறாது.

3. கோப்பையெல்லாம் தனியா நகலெடுத்து வைங்க. பென் டிரைவ்லயே ஓட்டிக் காட்டுங்க. வைஃபை, பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் எல்லாம் வேலை செய்யுதான்னு அவர் கண்ணு முன்னாடி பார்த்துட்டு அப்புறம் நிறுவுங்க.

4. எந்த லினக்ஸ்னு சண்டை போடாதீங்க. உங்களுக்கு எது நல்லாத் தெரியுமோ அதைப் போடுங்க. ஏன்னா அடுத்த மூணு மாசம் சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் போறது நீங்கதான்.

அந்த நாலாவதுலதான் விஷயமே இருக்கு. மூணு மாசம் போன் எடுக்க முடியும்னா லினக்ஸ் போட்டுக் கொடுங்க. முடியாதுன்னா அடுத்தவர் பொட்டியில கை வைக்காதீங்க.

கொள்கைப் பற்று, சுதந்திரம், திறமூலம் எல்லாம் எனக்கும் பிடிக்கும். வேலையில நாள் பூரா லினக்ஸ் சர்வர்லதான் ஆணி புடுங்கறேன். ஆனா புதுசா வர்றவருக்கு முதல்ல வேணுங்கிறது சித்தாந்தம் இல்ல, திங்கக்கிழமை காலையில பிரிண்டர் ஓடணும், அவ்வளவுதான். அது ஓடிட்டா சுதந்திரத்தைப் பத்தி அவரே நம்மகிட்ட வந்து கேப்பார்.

உங்க தெருவிலயே விண்டோஸ் 11 ஏறாத பொட்டி ஒண்ணாவது கண்டிப்பா இருக்கும். இந்த வாரம் டிஸ்ட்ரோ சண்டைக்கு லீவு விட்டுட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்க. ஒரு பொட்டி குப்பைக்குப் போகாம தப்பிச்சாலும் பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க.

பி.கு: "நீ எந்த லினக்ஸ் வச்சிருக்கே?"ன்னு யாரும் கேக்கக் கூடாது. சொல்ல மாட்டேன் ;-)