மண்டியிட்டவன் எங்கே போனான்?

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், ஆற்றைப் பார்த்த ஒரு பாறை முனையில், 1915இல் சாமுவேல் தெ ஷாம்ப்ளேனுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர், நாடு காண் பயணி, ரோம வியாபாரத்துக்கு வழி போட்டவர். கையில் திசை கணிக்கும் அஸ்ட்ரோலேப் கருவி. அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பது அந்த ஊரின் பழைய கேலி.

நம் பேச்சு அவரைப் பற்றியது அல்ல. சில வருஷம் கழித்து அந்தப் பீடத்தின் அடியில் இன்னொரு சிலை வந்தது. பூர்வகுடி ஆள். துரை முழு உடுப்பில் உச்சியில். இவன் அரை நிர்வாணமாக, ஒரு முழங்கால் தரையில். துரைக்குப் பெயர் உண்டு. இவன் வெறும் 'இந்தியன் ஸ்கவுட்'. முதலில் இவனைப் படகோடு செய்வதாகத்தான் திட்டம், காசு பத்தவில்லை என்று சொல்வார்கள். படகுக்குத்தான் காசில்லை, மண்டியிட வைக்க இருந்திருக்கிறது!

நடந்தது என்ன? 1608இல் ஷாம்ப்ளேன் கியூபெக்கில் போட்டது ரோம வியாபாரக் கிடங்கு. ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிக்கு பீவரின் அடிமயிர் வேண்டும். பீவரைப் பிடித்தவர்கள் பூர்வகுடி ஆண்கள். தோலைப் பதப்படுத்தியது அவர்கள் வீட்டுப் பெண்களின் கை. சுமந்து வந்தது அவர்கள் கட்டிய மரப்பட்டைப் படகு. 1609இல் ஒரு ஏரிக்கரையில் மொஹாக் தலைவர்களைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அந்த ஏரிக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார் இந்த மகான். 1613இல் இதே ஒட்டாவா ஆற்றில் ஏறிப் போனபோது அவர் வழி தெரியாத ஆள். அலுமெட் தீவில் அல்கோன்குவின் தலைவர் தெசுவா, மேலே போகப் படகு தர மறுத்தார். துரை வந்த வழியே திரும்பினார். ஆற்றில் போகிறவனிடம் சுங்கம் வாங்கிய மக்கள் அவர்கள். அந்த மக்களின் பிள்ளையைத்தான் வெண்கலத்தில் மண்டியிட வைத்தார்கள்.

சிலைக்கு என்னய்யா அரசியல் என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூண்டுக்குள் நிற்கும் அண்ணல் சிலைகளைக் கடந்து போகிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

1996இல் பூர்வகுடி நாடுகள் பேரவையின் தலைவர் ஓவிட் மெர்கிரெடி, அந்த உருவத்தை அகற்று என்று குரல் கொடுத்தார். நியாயமான கோரிக்கை. 1999இல் எடுத்தார்கள். எங்கே வைத்தார்கள்? பக்கத்திலிருக்கும் மேஜர்ஸ் ஹில் பூங்காவில். அங்கேயும் அவன் மண்டியிட்டபடிதான். பெயரை மட்டும் 'அனிஷினாபே ஸ்கவுட்' என்று மாற்றினார்கள். பின்னாளில் அந்த முனைக்கே கிவெகி என்று அனிஷினாபே மொழிப் பெயர் வந்தது. அது வேறு கதை.

ஆனால் 1999இல் துரையின் பீடத்திலிருந்து ஒரு கல்லும் உருவவில்லை. வழி காட்டியவன் போய்விட்டான். இனி பார்க்கிறவனுக்கு ஷாம்ப்ளேன் தானே தனியாக வழி கண்டுபிடித்தவர். அவமானம் நீங்கியது, பொய் இன்னும் வழவழப்பானது. அகற்று என்று கேட்டவர்கள் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. கோரிக்கையின் பாதியைக் கொடுத்து வாயை அடைப்பது அரசுகளின் வழக்கம், அவ்வளவுதான்.

ஜெஃப் தாமஸ் என்ற இரோகுவா புகைப்படக்காரர் இந்த இடத்தை விடாமல் படமெடுத்து வந்தவர். ஸ்கவுட் போன பிறகு, காலியான அந்தப் பீடத்தில் தன் மகனையும் நண்பர்களையும் இருத்திப் படமெடுத்தார். இன்றைய மனிதர்கள், இன்றைய உடுப்பு. அவர்களுக்கு மேலே துரை, கருவியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தபடி.